நீல நூல்

ஆகஸ்ட் மாதத்துக்கு எங்கள் ஊரில்
வேறொரு பெயர் உண்டு.
சொன்னால் வந்துவிடும் என்று
ஒருவரும் சொல்வதில்லை.
சொல்லாமலே வந்துவிட்டது.

வயலில் கம்பு முழங்கால் உயரம்.
பச்சை, கண்ணுக்கு மட்டும்.
வெறும் வயிற்றோடு களையெடுத்தால்
கொத்து ஓரிடத்தில் விழுகிறது
களை ஓரிடத்தில் நிற்கிறது.

குதிரின் அடியில் சுரைக்குடுவை
மண்ணைச் சுரண்டிய சத்தம்
ரக்கியாவுக்கும் கேட்டிருக்கும்.
தூங்குகிற மாதிரி கிடந்தாள்.
எட்டு வயது. நடிக்கத் தெரியவில்லை இன்னும்,
இமை துடிக்கிறது.

ஹன்ஸாக் கொட்டை ஊறப்போட்டு மூன்று நாள்.
யாரும் விதைக்காத காட்டுச் செடி,
மழை பொய்த்தாலும் காய்க்கும்.
கசப்பு போக மட்டும்
ஏழு நாள் தண்ணீர் மாற்ற வேண்டும்.
நைஜர் நதி இங்கிருந்து இரண்டு நாள் நடை.
கிணறு நாற்பது ஆள் ஆழம்.
கயிற்றைக் கழுதை இழுக்கும்;
கழுதையை ஜூனில் விற்றோம்.
இப்போது நானும் ஓரகத்தி ஹம்சத்துவும் இழுக்கிறோம்.
"கழுதைக்காவது வழியில் புல் இருந்தது" என்கிறாள்.
சிரிக்கக் கூடாது, கயிறு நழுவும்.
சிரித்தோம்.

புதன்கிழமைச் சந்தை.
அல்ஹாஜி ஸெய்னியின் கடையில்
கூரைவரை மூட்டைகள்.
படி எழுநூறு ஃபிராங்க்.
அறுவடை முடிந்த வாரம் அவரே
எங்கள் முற்றத்துக்கு வந்து அளந்தபோது
இருநூற்றைம்பது.
அப்போது ஜிபோவுக்குக் காய்ச்சல்.
ஊசிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும்
மூன்று மூட்டை போயிற்று.
பிள்ளை பிழைத்தான், அதில் குறையில்லை.
வீட்டில் அவனுக்குத்தான் இப்போது அதிகம் பசிக்கிறது.

கடை ஆள் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டான்.
வாய் தைத்த நூல் நீலம்.
ஒன்றுவிட்டு ஒன்று தாண்டிய தையல்,
மூலையில் இரட்டை முடிச்சு.
கிழிந்த கொசுவலையிலிருந்து பிரித்த நூல்.
நான் பல்லால் கடித்து அறுத்த நுனி.

காணாமல் போன ஆட்டை
அடுத்தவன் கயிற்றில் பார்த்தவள் போல
வாயைத் திறந்தேன்.
என்ன சொல்ல?
திருடவில்லையே அவர்.
எண்ணிக் கொடுத்தார், எண்ணி வாங்கினேன்.

"ரெண்டு படி" என்றேன்.
தலைதட்டி அளந்தான்.
நான் விற்றபோது
கோபுரம் வைத்து அளந்ததும் இதே படிதான்,
விளிம்பில் அந்த நசுங்கல் கூட இருக்கிறது.

"கோணியைத் தருகிறாயா?"
"கோணி ஐம்பது ஃபிராங்க்."
நூலுக்கு விலை சொல்ல
அவனுக்குத் தோன்றவில்லை.
உருவிக்கொண்டேன்.

இரவு அபிஜானிலிருந்து சுமானா.
துறைமுகத்தில் கொக்கோ மூட்டை தூக்குகிறான்.
பள்ளிக்கூடக் கொடிமரத்தடியில்தான் சிக்னல்,
தவளைகளுக்கு மேல் கத்திப் பேச வேண்டும்.

"என்ன சாப்பிட்டீர்கள்?"
"கம்பு."
"யாருடைய கம்பு?"
"நம் வயல் கம்புதான்."

எப்படித் திருப்பிப் பார்த்தாலும்
அதில் ஒரு பொய் கிடைக்காது.

"இன்னுமா இருக்கிறது!"
சிரித்தான். பக்கத்தில் யாரிடமோ
சொல்வதும் கேட்டது:
"ஆகஸ்டில், என் வீட்டில், பழைய கம்பு!"
எத்தனை நாளாயிற்று அவன் குரலில்
அந்தப் பெருமையைக் கேட்டு.
பிறகு, அப்படியென்றால் இந்த மாதப் பணத்தில்
வட்டிக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறேன்,
உங்களுக்கு அடுத்த மாதம்,
என்றான்.
இல்லை, கேள், என்பதற்குள்
காசு தீர்ந்து பேச்சு அறுந்தது.

திரும்ப அழைப்பான் என்று நின்றேன்.
விரலில் சுற்றிய நூல் இறுகி
நுனி மரத்திருந்தது.

ஐந்தாம் நாள் தண்ணீர் மாற்றுகையில்
ரக்கியா ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தாள்.
முகம் சுளித்துத் துப்பினாள்.
பிறகு மண்ணில் தேடி எடுத்து
ஊதி, கழுவி,
சட்டியிலேயே திரும்பப் போட்டாள்.