நண்டு வளை

பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினி.
பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில்
இரண்டு வரி வரும்: விண்டோஸ், லினக்ஸ்.
பத்து வினாடி பொறுக்கும்.
பதில் சொல்லாவிட்டால் அண்ணன் பக்கம் போய்விடும்.

இளஞ்சேரனுக்கு இரண்டாவது வரி
அரசாங்கம் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி.
உரிக்கவில்லை, படிக்கவுமில்லை.
அங்கேதான் மூன்று வருஷமாக
வாடகையில்லாமல் குடியிருந்தேன்:
ஓர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்,
வேலைக்குப் போட்ட விண்ணப்பங்கள்,
அல்போன்ஸுக்கு அனுப்பாத பதினோரு கடிதம்.

மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்கினால்
கோரையாறு வேறு, பாமணி வேறு.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
பேட்டரி நாற்பது சதவீதம்.
என் பக்கத்திலிருந்து சும்மா ஒரு கிளிக்,
அவன் டிரைவ் திறந்துகொண்டது.
முதுகைத் திருப்பிக்கொண்டு தினமும் அடிப்பானே
பதினாலு எழுத்துப் பாஸ்வேர்டு,
பதினாலும் வாசலில் காவல் நின்றன.
நான் கொல்லைப்பக்கமாக வந்திருந்தேன்.

'ரசீது' என்றொரு ஃபோல்டர்.
கூட்டுறவு வங்கி நகைக்கடன் சீட்டு.
ஆறு பவுன், ஆரம் ஒன்று.
அம்மாவின் பீரோவில் இருப்பதாக
நாங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஆரம்.
தேதியையும் பார்த்தேன்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

மடையை அடைத்துவிட்டுப் படுத்தவன்
விடிந்து போய்ப் பார்த்தால்
தண்ணீர் அடுத்த வயலில் நிற்கும்.
வரப்புக்குள் நண்டு
யாரையும் கேட்டு வளை தோண்டுவதில்லை.
என்னால் அங்கே போக முடிந்தால்
எவனோ ஒருவனால் இங்கே வர முடியும்.

பென் டிரைவில் ஒரு நகல். அது அரிசி டின்னுக்குள்.
பிறகு என் பக்கம் முழுவதையும்
எழுத்து எழுத்தாகக் கலைத்துப்போட்டுப் பூட்டினேன்.
ராத்திரி ஒன்றரை வரை ஓடியது.

காலையில் கத்தினான்:
"ஏய், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது,
ஆமான்னு குடுத்துரவா?"
சாம்பார்க் கரண்டியோடு ஓடினேன்.
விரல் எண்டர் மேல் இருந்தது.
"அது கவர்மென்டோடது. தொடாதே."
ரத்து செய்தான்.
வெளியே நின்று பார்க்கிறவனுக்குப்
பூட்டியதும் கெட்டுப்போனதும் ஒன்றுதான்.

அவன் பக்கத்துக்கும் அதேமாதிரி பூட்டு உண்டு.
நானே போட்டுவிடலாம்,
சாவி அவன் கையில் அல்லவா இருக்க வேண்டும்.
சொன்னால், ஏன் என்பான்.
ஏன் என்றால், எப்போது பார்த்தாய் என்பான்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
பைக்கில் அவனுக்குப் பின்னால் நான்.
நெல் ஏற்றிய கூட்ஸ், பெட்டி பெட்டியாக.
"உன் பக்கத்தையும் பூட்டணும்" என்றேன்
அவன் ஹெல்மெட்டைப் பார்த்து.

"என்னது?" என்றான்.
ரயில் இன்னும் முடியவில்லை.