ஆட்சியருக்காக

எங்கள் வரைபடம் அலை தொடும் இடத்தில் முடிகிறது.
சர்வே எண், உட்பிரிவு, புறம்போக்கு,
பிறகு வெள்ளைத் தாள்.
கடற்படையின் வரைபடம் அங்கேதான் தொடங்குகிறது,
கரை அவர்களுக்கு வெறும் மஞ்சள்.

மண்டபம் புயல் காப்பகத்தில் இரவு பதினொன்றரைக்கு
இரண்டையும் ஒரே மேசையில் விரித்தோம்.
ஒட்டவில்லை.
நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மரம் தெரிந்தது.
அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்
மீன்வளத்துறை பஹர்தீன்.

மூன்று போன், இரண்டு வாக்கிடாக்கி,
ஒன்றோடொன்று பேசாதவை.
தீயணைப்பு சொன்னதைக் கடலோரக் காவலுக்குச் சொன்னேன்,
அவர்கள் சொன்னதை மின்வாரியத்துக்கு.
மின்வாரியம் சொன்னதை
யாரிடமும் சொல்லும்படி இல்லை.
வாடைக்கொண்டல் கூரைத் தகரத்தைத்
தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒரு வத்தை திரும்பவில்லை. ஐந்து பேர்.

"பொசிஷன்?" என்றார் லெப்டினன்ட் தேபாசிஷ்.
அவருக்குத் தெரிந்த தமிழ் நான்கு வார்த்தை,
அதில் இரண்டு சாப்பாடு.

பூச்செண்டு ஈரச் சேலையோடு நின்றாள்.
எட்டே காலுக்குக் கணவன் பேசியிருக்கிறான்,
அதன்பிறகு சார்ஜ் இல்லை.
"லைட்ஹவுஸ் வெளிச்சமும் பாலத்துச் செவப்பு லைட்டும்
ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்குதுன்னாரு.
நங்கூரம் நாலு பாகத்துல தரை தட்டுச்சாம்.
பாருல கோத்துக்கிச்சு, இழுக்கலயாம்."

பாகம் என்றால் என்ன என்று
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
அவர் முகம் மாறியது.
இரண்டு விளக்கின்மேலும் அடிக்கோலை வைத்துத்
தெற்கே ஒரு கோடு இழுத்தார்.
ஏழு மீட்டர் ஆழக்கோட்டை அது ஒரே இடத்தில் வெட்டியது.
"அங்கதான்" என்றாள் பூச்செண்டு,
தனக்குப் படிக்கத் தெரியாத தாளில்.

உச்சிப்புளியில் ஹெலிகாப்டர் இருந்தது.
விமானி இருந்தார்,
எரிபொருள் இருந்தது,
விடிந்தால் காற்று இறங்கும் என்ற நம்பிக்கை இருந்தது.
கடிதம் இல்லை.
மாவட்ட நிர்வாகம் எழுத்தில் கேட்க வேண்டும்.
கேட்காமல் வந்தால் அதற்கு உதவி என்று பெயரில்லை.

ஆட்சியர் தொண்டிச் சாலையில்
விழுந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம், டவர் இல்லாமல்.
வட்டாட்சியர் வந்துகொண்டிருந்தார்.
எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் துணை வட்டாட்சியர், அதுவும் பொறுப்பு.
பழைய வாக்காளர் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி
'ஆட்சியருக்காக' என்று போட்டுக்
கையெழுத்திட்டேன்.
பேனா இரண்டு முறை எழுதவில்லை.
எங்கள் முத்திரை ராமநாதபுரத்தில் பூட்டிய பீரோவில்.
பஹர்தீன் தன் துறையினதை நீட்டினார்.
தேபாசிஷ் படமெடுத்து அனுப்பினார்.
இது எந்த மொழி என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆறு ஐந்துக்குச் சத்தம் கேட்டது.
நான்கு பேரைத் தூக்கினார்கள்.
பூச்செண்டின் கணவன் கடைசியாக ஏறினானாம்,
வத்தைக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டே.

ஐந்தாவது ஆள் வழிவிட்டான். கமுதிப் பக்கம்.
மிளகாய் கருகிய வருஷம்,
கடலுக்கு வந்து மூன்றாம் நாள்.
நள்ளிரவில் ஓர் அலை எடுத்துப்போனதாகச் சொன்னார்கள்.
மறுநாள் சீனியப்பா தர்கா கரையில் கிடந்தான்,
இடுப்புக்குக் கீழே தண்ணீர், தலை மணலில்.

கரையில் கிடைத்த உடல் எங்கள் கணக்கில் வராது என்றது கடற்படை.
மீனவர் அட்டை இல்லையே என்றார் பஹர்தீன்,
என் முகத்தைப் பார்க்காமல்.
வருவாய்த்துறை சொன்னது,
அதாவது நான் சொன்னது:
நிலத்தில் நேர்ந்த சாவுக்குத்தான் எங்களிடம் படிவம்.

இப்போது குறிப்பாணை வந்திருக்கிறது.
ஆட்சியர் பெயரில் ஒப்பமிட்ட காரணத்தை
ஏழு நாளுக்குள் விளக்க வேண்டும்.
அதை நாலு வரியில் எழுதிவிட்டேன்.

வழிவிட்டானின் படிவம்தான் மேசையிலேயே கிடக்கிறது.
சம்பவ இடம் என்ற கட்டம்
சர்வே எண் கேட்கிறது.
டேப்போடு கிராம உதவியாளரை அனுப்பினேன்.
ஓதம் ஏறியிருக்கு மேடம்,
அந்த இடம் தண்ணிக்குள்ள இருக்கு என்கிறான்.
சாயங்காலம் வற்றும்,
மறுபடி போகச் சொல்லியிருக்கிறேன்.