நாளுக்கு ஒரு விரற்கடை

முதலில் விலாவில் ஒரு வளையம்.
சோப்பை மாற்றினோம்.
வளையத்துக்குள் வளையம் பிறந்ததும்
பூச்சிக்கடி என்றான் மருந்துக் கடைக்காரன்,
ஒரு ட்யூப் தந்தான், அறுபத்தெட்டு ராண்ட்.

பிறகு முதுகு முழுக்க
அறுத்த பலகையின் ரேகை.
பக்கத்து வீட்டுச் சவுந்தரி எட்டிப் பார்த்து
"ஆத்தா வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
வேப்பிலை கிடைக்கவில்லை,
சிரிங்கா இலையை ஒடித்து வந்தாள்.
அதுவும் வேம்புக்கு ஒன்றுவிட்ட தங்கைதானாம்.
அரிப்பு உறவு பார்க்கவில்லை.
முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர்
ராத்திரியெல்லாம் கதவு நிலையில்
முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு நகருது" என்றேன்.
"நகர அது என்ன பஸ்ஸா?"

ஞாயிற்றுக்கிழமை, பேரனின் நீலப் பேனாவால்
ஓரத்தை ஒட்டி ஒரு கோடு இழுத்தேன்.
திங்கள் காலையில்
சிவப்பு என் நீலத்தைத் தாண்டி
ஒரு விரற்கடை போயிருந்தது.

சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி. விடியுமுன்னே வரிசை.
டாக்டர் ஸோண்டிக்கு என் கடைசி மகள் வயசு.
சட்டையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.
இந்த நீலக் கோடெல்லாம் யார் போட்டது?
பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கையைத் தூக்கினேன்.
ஓடிப்போய் ஐந்து பேரைக் கூட்டிவந்தாள்.
புத்தகத்தில் மட்டும் பார்த்தது, என்றாள்.
கடலில் சாளை வந்துவிட்டதென்று கேட்டு
வாளியோடு ஓடுகிறவர்களின் முகம்.
இவரும், சத்தியமாய்ச் சொல்கிறேன்,
போட்டோவுக்கு முதுகை நிமிர்த்திக் கொடுத்தார்.

அப்புறம்தான் அந்தச் சந்தோஷம் அவளுக்கே கூசியது.
ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, திரும்ப மாட்டி,
மார்பை எக்ஸ்ரே எடுக்கணும் என்றாள்.
"நான் காட்டினது முதுகு, டாக்டர்.
இருமல்கூட இல்லையே."

இடது நுரையீரல், மேல் மூலை,
நாவல்பழ அளவு.
உள்ளே ஒன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க
தோல்தான் பொறுக்கமாட்டாமல் சொல்லியிருக்கிறது,
நாங்கள் அதன் வாயில் களிம்பு பூசிக்கொண்டிருந்தோம்.

வெட்டி எடுத்த ஒன்பதாம் நாள்
கோடுகள் கலையத் தொடங்கின,
அலை போன பின் ஈர மணல் வெளுப்பதுபோல.
சவுந்தரி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.
நான் தடுக்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

இப்போது முதுகு வெறும் முதுகு.
குளித்துவிட்டு வந்தால் விளக்கடியில் திருப்பி நிறுத்துகிறேன்.
"என்ன எழுதியிருக்கு?" என்பார்.
"ஒண்ணுமில்லை."
அந்த ஒண்ணுமில்லையை எப்படிப் படிப்பதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நீலப் பேனா மருந்து டப்பாவிலேயே கிடக்கிறது.
பேரனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தாயிற்று.