எண்ணெய்மூலம்

நதிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
எண்ணெய்மூலம் கேட்டே ஆகவேண்டும்.
நாம் கேட்காவிட்டால் கடல் கேட்கும்.

தல்காவே துறையில் ஏழு நாளாய் மழை.
லா தெர்கா, பிடிவாதக்காரி என்று பொருள்,
சிப்பிக் கயிறுகள் நாறும் தளத்தோடு
கட்டுக்கம்பத்தை இடித்துக்கொண்டு கிடக்கிறது.
பாதி அவளுடையது, பாதி அவள் மைத்துனனுடையது.
எஞ்சின் அறைப் பலகையைத் தூக்கிவிட்டு
எர்மிந்தா சிகுவாய் குப்புறப் படுத்திருக்கிறாள்,
வாயில் டார்ச், கையில்
பல் வைத்தியரிடம் கெஞ்சி வாங்கிய குட்டிக் கண்ணாடி.

படகின் அடிவயிற்றில் தேங்கிய நீர்மேல்
வானவில்லைப் போர்த்திய தோல்.
நேற்றும் துடைத்தாள். முந்தாநாளும்.

எலெயுத்தேரியோ மேலே நின்று சொல்கிறான்:
"கேஸ்கட்தான். மார்ச்சில் பெலார்மினோ மாற்றியது.
அன்றைக்கே அவனுக்குக் கண் சரியில்லை."
சொன்னதோடு நிற்கவில்லை.
ஞாயிறன்று தேவாலயப் படியில், பத்துப்பேர் கேட்க,
பெலார்மினோவிடமே சொல்லிவிட்டான்.
அவன் பதில் பேசவில்லை.
மனைவியின் குடையை விரித்துக்கொண்டு போனான்.

இன்னொரு பயமும் உண்டு, அதை அவன் சொல்லவில்லை:
பின்பக்க சீல்.
அதுவென்றால் எஞ்சினையே தூக்கவேண்டும்.
கிரேன், கியர்பெட்டி,
இந்தப் பருவத்துச் சிப்பி மொத்தமும்.

எண்ணெய்க்கு ஒரு பழக்கம்,
பிறந்த இடத்தில் நிற்காது.
போல்ட்டுத் தலையில் ஏறி இறங்கி
வார்ப்பின் விளிம்பு பிடித்து ஊர்ந்து
காற்று தள்ளினால் பக்கவாட்டில் ஓடி
எங்கே சொட்டுகிறதோ அங்கேயே
காலமெல்லாம் குடியிருந்ததுபோல் தொங்கும்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மண்ணெண்ணெய், பழைய பிரஷ், இரண்டு மணி நேரம்.
எஞ்சினின் நிறம் பச்சை என்று
அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.
பிறகு தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த
குழந்தைப் பவுடரை
உள்ளங்கையில் கொட்டி
ஊதினாள்.
முப்பத்தொரு வயது டீசல் எஞ்சின்
குளிப்பாட்டி வைத்த பிள்ளைபோல் இருந்தது.
எலெயுத்தேரியோ தும்மினான்.

ஓடவிட்டார்கள்.
கால் மணி. ஒன்றுமில்லை.
அரை மணி. ஒன்றுமில்லை.
"நம்மைப் பார்த்து வெட்கப்படுகிறது" என்றான்.
"சூடேறட்டும்" என்று வேகத்தைக் கூட்டினாள்.

நாற்பதாவது நிமிடம்
கண்ணாடிக்குள், தலைகீழாய்,
மீசை அரும்புவதுபோல் ஒரு பழுப்புக் கோடு.
அது போகும் பக்கம் அவள் பார்க்கவில்லை.
வந்த பக்கம் போனாள்.
வடிகட்டிக்கு மேலே, குழாய்க்குப் பின்னே,
விரல் மட்டும் நுழையும் சந்தில்
கட்டைவிரல் பருமன் பித்தளை:
ஆயில் அழுத்தம் சொல்லும் சென்சார்.
மடித்த விளிம்பில் மயிரிழை வெடிப்பு.
சூடு பட்டால் மட்டும் வாய் திறக்கிறது.

இத்தனை நாளும் மேலே, சுக்கானருகே,
முள்ளை நிமிர்த்தி
எல்லாம் நலம் என்று சேதி அனுப்பியது இதுதான்.
பொய் இல்லை. அழுத்தம் நலமாகத்தான் இருந்தது.
உனக்கு எப்படி என்று
அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பதாயிரம் பேசோ. ஒரு ஸ்பேனர்.
எழுந்திருக்குமுன்
பெலார்மினோவின் கேஸ்கட்டைச் சுற்றிலும்
விரலால் தடவி
அந்த விரலை மேலே நீட்டினாள்.
வெள்ளை.
எலெயுத்தேரியோ விரலைப் பார்த்தான்.
மழையைப் பார்த்தான்.
"கிரேன் வேண்டாமா?"
"வேண்டாம்."
"நல்லதாய்ப் போயிற்று" என்றான், எஞ்சினிடம்.

இருட்டியபின் பெலார்மினோவின் வாசலில்
ஒரு சாக்குச் சிப்பி இருந்தது.
யார் வைத்தது என்று மனைவி கேட்டாள்.
அவன் குனிந்து
வாய்க்கட்டு முடிச்சை முகர்ந்தான்,
கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தான்.
"பவுடர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்" என்றான்.
"இப்போதாவது."

சிப்பியை உள்ளே எடுத்துக்கொண்டான்.
சாக்கைத் திருப்பிக் கொடுக்க
இந்த வாரம் அவன் போகவில்லை.