ஜெர்மன் முறை

கொலோனில் மழை.
டிராம் பணிமனையின் எண்ணெய் நாற்றத்தோடே
மூன்று பேரும் உள்ளே நுழைந்தோம்.

ஒரே மடக்கில் கவிழ்க்கப் போன என் கையை
நூரெட்டின் பிடித்தான்.
"இருமல் மருந்தா இது?"
தண்ணீர் விட்டான்.
தெளிவாயிருந்த ரக்கி
அரிசி களைந்த நீராய்க் கலங்கியது.
சோம்பு வாசம்.

முலாம்பழம், வெள்ளைப் பாலாடைக்கட்டி,
தயிரில் மசித்த சுட்ட கத்தரிக்காய்.
தட்டுகள் வந்துகொண்டே இருந்தன,
ஒன்றும் திரும்பிப் போகவில்லை.
பதினொரு மணிக்குத்தான் மீன்.
அதற்குள் ஹைக்கே
தன் நாய் செத்த கதையை
இரண்டாம் முறை சொன்னாள்.
முதல் முறை சிரித்துவிட்டோம்.
இப்போது முடியவில்லை.

பக்கத்து மேசை பாடத் தொடங்க,
சொல் தெரியாத இடத்திலெல்லாம்
நான் பலகையைத் தட்டினேன்.

பில் என்றோம்.
ஆளுக்கொரு பங்கு போட்டால்
அவன் ஊரில் அதற்குப் பெயர்
ஜெர்மன் முறையாம்.
"கேவலம்" என்று பர்ஸை உருவினான்.
நானும் உருவினேன்.
இழுபறியில் ஒரு கிளாஸ் உடைந்தது.

பரிமாறுகிறவன் சிரித்தான்:
கழிப்பறைக்குப் போன ஜெர்மன்காரி
போகிற வழியிலேயே
முழுசும் கட்டிவிட்டாள்.

"அடுத்த மாதம்
ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது"
என்றான் நூரெட்டின்,
மானம் போனவன் குரலில்.