தரைக்குக் கையெழுத்துப் போட்டவள்

கையெழுத்து என்னுடையதுதான்.
மர்டீனா மெக்வாரி, பொருளாளர்,
கிளென் மோரா ஊர்மன்றம்,
நீல மையில், கொஞ்சம் கோணலாக.
பலகைகள் உளுத்துவிட்டன என்று
காப்பீட்டுக்காரன் குத்தூசியால் குத்திக் காட்டினான்.
மானியம் வந்திருந்தது.
வினைல் விரிப்பு இருபது வருஷம் உழைக்கும் என்றார்கள்.
எழுபது வருஷம் உழைத்ததை
இரண்டே நாளில் பெயர்த்தெடுத்தோம்.

கேப் பிரெட்டனில் நாங்கள்
புதியவரிடம் பெயர் கேட்பதில்லை.
"உன் அப்பா யார்?" என்போம்.
வியாழன் இரவுகளில் அதுவும் வேண்டாம்.
பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றி
பையிலிருந்து தோல் சப்பாத்தை எடுத்து மாட்டி
ஒருவர் நடுவில் இறங்கினால் போதும்.
குதிகாலை இழுத்து வைத்தால் ஆற்றுப்பக்கம்.
முன்பாதத்தால் தூறலாகத் தூவினால் வடகரை.
ஓர் அடியை வேண்டுமென்றே தாமதித்தால்
லாஹி வீட்டு ரத்தம், சந்தேகமே இல்லை.

சுரங்கத்தில் கண்ணைத் தொலைத்த டகல்ட்
தேநீர்க் கோப்பையை முழங்காலில் நிறுத்தி
தரையைக் கேட்டே
வருகைப் பதிவேடு வாசிப்பார்.
ஒருமுறை டொராண்டோவிலிருந்து ஒரு பையன்,
யாருக்கும் தெரியாதவன்.
எட்டு அடி வைத்திருப்பான்.
"ஃபுளோராவின் பேரன்" என்றார்.
ஃபுளோரா ஊரைவிட்டுப் போய் நாற்பது வருஷம்.

புதுத்தரையின் முதல் வியாழன்.
ரோசின் மணம் அதேதான்.
பியானோவில் பேசாத அந்த ஒரு கட்டை அதேதான்.
லாஹி பிடிலைத் தாடைக்குக் கொடுத்து
இரு குதிகாலாலும் தாளம் போட்டான்.
சத்தமில்லை.
குனிந்து பார்த்தான்.
எட்டுப் பேர் எழுந்து ஆடினார்கள்,
மெத்தையில் பூனை குதிப்பது போல.
இசை வந்தது, ஊர் வரவில்லை.
"இன்னும் யாரும் ஆடவில்லையா?" என்றார் டகல்ட்.
எட்டுப் பேரும் அவர் முன்னால்
வேர்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதரைக்கே கலைந்தோம்.
சாலை வழுக்குமாம்.
சாலை காய்ந்து கிடந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
கடையில் பாலுக்கு விலை சொல்வார்கள்,
வேறு பேச்சில்லை.
ஒரு நாள் இரவு சாவி எடுத்துப் போய்
அந்தப் பேட்மிண்டன் கோடுகளுக்கு நடுவே
சப்பாத்தை மாட்டி ஓர் அடி வைத்துப் பார்த்தேன்.
இன்னோர் அடி.
ஐம்பத்திரண்டு வயதில்
நான் யார் மகள் என்று எனக்கே கேட்கவில்லை.

பலகைகள் எங்கே போயின என்று விசாரித்தேன்.
பாதி அடுப்பில்.
கொஞ்சம் யாருடைய படகிலோ.
உளுக்காத பதினொன்று எஃபியின் கோழிக்கூட்டில்,
எச்சத்துக்கு அடியில்.
எஃபி இடுப்பில் கைவைத்து நின்றாள்:
"அப்புறம் கோழிகள் எதன்மேல் நிற்கும்?"
மிஞ்சிய வினைல் சுருள் ஒன்று கிடங்கில் இருந்தது.
பண்டமாற்று.
துடைக்கச் சுலபம் என்கிறாள் இப்போது.

சுரண்டினோம், கழுவினோம், மறுபடி கழுவினோம்.
நடுக்கூடத்தில் ஆறடிக்கு நாலடி,
கீழே கட்டை கொடுத்து, வெற்றிடம் விட்டு.
அந்த வெற்றிடம்தான் பேசும் என்றான் தச்சன் ரோரி.
வினைலைச் சிமெண்டோடு ஒட்டியவனும் அவனேதான்.

நாலு ஜோடி சுற்ற இடம் போதாது.
ஒவ்வொருவராக ஏறுகிறார்கள்,
மற்றவர்கள் சுற்றி நின்று கேட்கிறார்கள்.
முன்பு இப்படிக் கேட்டதில்லை,
எல்லோருமே ஆடிக்கொண்டிருந்தோம்.
சண்டையும் வருகிறது,
வடகரைக்காரர்கள் இறங்க மறுக்கிறார்களாம்.
மழை நாளில் லேசாகக் கோழி வாடை.

மானியக்காரர்களின் படிவம் வந்திருக்கிறது.
'புதிய தரை எவ்வாறு பயன்படுகிறது' என்றொரு கட்டம்.
டகல்டுக்குப் பக்கத்து நாற்காலியில்
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
பலகையில் யாரோ ஏறும் சத்தம்.
நான் நிமிரவில்லை.
"உன் தங்கை" என்கிறார்,
"இடது சப்பாத்தில் ஓர் ஆணி கழன்றிருக்கிறது,
சொல்லிவிடு."