முப்பத்தொன்றாம் பொறி

மரவாவுக்கு மேற்கே சாலை முடிந்துவிட்டது,
காற்று முடியவில்லை.
டீ-ட்ரீ புதர்களையெல்லாம் ஒரே பக்கமாய்ச் சீவிவிட்டிருந்தது கடல்.
முப்பது பொறிகளில் இரண்டு பாசம், ஒரு குவால்,
மீதி வெறும் பனி.
முப்பத்தொன்றில் கதவு விழுந்திருந்தது.

வெள்ளைக் குழாய்க்குள் யாரோ மூச்சுவிடும் சத்தம்.
ஃபெர்ன் மகல்லக் மண்டியிட்டுச் சாக்கைப் பொருத்தினாள்.
ஆறே முக்கால் கிலோப் பேய்
அவள் மடிக்கு இறங்கி அசையாமல் கிடந்தது.
இதற்குப் பேய் என்று பெயரிட்டவர்கள்
இரவில் அலறலைக் கேட்டவர்கள்.
மே மாதக் காலையில்
மடியில் வைத்துப் பார்த்தவர்கள் இல்லை.

சாக்கைக் கொஞ்சம் விலக்கினோம்.
மீசைமயிர் முளைக்கும் மேட்டில்
பிப்ரவரியில் பார்த்த அதே கட்டி.

அது இவளுடையதே அல்ல.
தீவின் வடகிழக்கில் என்றோ செத்துப்போன
பெயர் தெரியாத ஒரு பெண்பேயின் செல்,
கடித்த வாயிலிருந்து கடிபட்ட கன்னத்துக்கு
ஏறி இறங்கி ஏறி
சொந்தக்காரி செத்தும் தான் சாகாமல்
கால் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.
இணைசேரும் பருவத்தில் இன்னும் வேகம்.

உடம்பு சும்மாவா இருந்தது என்பீர்கள்.
சும்மாதான் இருந்தது.
வந்தது தன் வாசலில் மாட்டவேண்டிய பலகையை
உள்ளே மடித்து வைத்துக்கொண்டது.
ரோந்து வந்த வெள்ளணுக்கள்
எழுத்தே இல்லாத கதவைத் தடவிப் பார்த்து
நம்மாளாய் இருக்கும் என்று நகர்ந்துபோயின.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்போமே,
இது வாயைப் பிடுங்கும்.
கடைசியில் பேய் பட்டினியால் சாகும்,
இறைச்சிக்குப் பக்கத்திலேயே.

ஃபெர்ன் அளவுகோலைத் திறக்கப் பார்த்தாள்.
விரல் மூட்டெல்லாம் வீங்கிய காலை.
அவளுடையது தலைகீழ்க் கோளாறு:
தன் மூட்டையே திருடன் என்று அடிக்கிறது உடம்பு
இருபத்தாறு வயதிலிருந்து.
அந்தக் காவலைக் கொஞ்சம் தூங்கவைக்க
செவ்வாய்க்கிழமைதோறும் மாத்திரை,
புதன் முழுக்கக் குமட்டல்.
"எங்க ரெண்டு பேருக்கும்
காவல்காரனை மாத்திக் கொடுத்தாப் போதும்" என்பாள்.
அன்றைக்குச் சொல்லவில்லை.
அளவுகோலை என்னிடம் நீட்டினாள்.

பதினெட்டு மில்லிமீட்டர்.
பிப்ரவரியில் இருபத்தேழு.
மறுபடி பதினெட்டு.
மூன்றாம் முறை பத்தொன்பது, அது என் கை நடுக்கம்.

"பொருக்கு உதிர்ந்திருக்கும்" என்றாள் ஃபெர்ன்.
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"எழுதிக்கோ. நம்பாதே."

சில பேய்களுக்குச் சுருங்குகிறதாம்.
எப்படியோ, எங்கோ ஒரு வெள்ளணு
வெற்றுப் பலகையை இரண்டாம் தடவை பார்த்துவிடுகிறது.
குழாயில் எடுத்த ரத்தத்தைப்
பனிப்பெட்டியில் வைக்கும்போது
வழக்கத்தைவிட மெதுவாக வைத்தேன்.

பையைத் திறந்தால் நான்கு முலை, நான்கு குட்டி.
பிறக்கும்போது அரிசிமணி.
மற்ற அரிசிமணிகள் வழியிலேயே நின்றுபோயிருக்கும்.
எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல ஒன்றுமில்லாமல்
இந்த இருட்டுக்குள் ஏறி வந்தவை.
உள்ளே மண், ஈரம், கிருமி,
எந்த மருத்துவமனையும் ஒப்புக்கொள்ளாத தொட்டில்.
எல்லாம் பாலில்தான் வருகிறது:
கிருமியின் தோலில் துளைபோடும் துக்கடாப் புரதங்கள்,
தாய் பட்டுத் தெரிந்துகொண்ட பகைகளின் முகவரி.
கன்னத்துக் கட்டியின் முகவரியும்
அதில் இருக்குமா?
ஃபெர்னைக் கேட்டேன்.
பையை மூடி, சாக்கின் முடிச்சை
பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

பேய் உடனே ஓடவில்லை.
சாக்கின் வாயில் உட்கார்ந்து
கட்டியும் பல்லும் தெரிய நீளமாய்க் கொட்டாவி விட்டது.
தூக்கமில்லை, அது அதன் பயம்.
பிறகு பெரணிக்குள் நொண்டாமல் போனது.

பதினெட்டின் அடியில் கோடு போட்டேன்,
அழித்தேன்.
ஃபெர்ன் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு
புதுத் துண்டு வாலபிக் கறியைக்
கால் நுனியால் பொறிக்குள் தள்ளினாள்.

"நாளைக்கும் இவளேதான் வருவா" என்றாள்.
"ஓசிச் சோறு."